ஒழுக்கம் ஒரு பீரியடா? பழைய தமிழ்க் கல்விச் சிந்தனை பத்தி எளிமையா ஒரு விளக்கம்

"இப்ப இருக்கிற பசங்களுக்கு மார்க் இருக்கு, ஒழுக்கம்தான் இல்ல"ன்னு யாராவது ஆரம்பிச்சா, அடுத்த பேச்சு அனேகமா "எங்க காலத்துல நீதிபோதனை கிளாஸ் இருந்துச்சு, அத திரும்பக் கொண்டு வந்தா எல்லாம் சரியாயிடும்"னுதான் போகும். அந்த கவலை நியாயமானது. ஆனா அந்தத் தீர்வு சரியான்னு பார்க்கணும்னா, நம்ம பழைய ஆளுங்க ஒரு பிள்ளைக்கு நல்ல குணம் எங்கிருந்து வருதுன்னு நெனச்சாங்கன்னு கொஞ்சம் உக்காந்து படிச்சுப் பார்க்கணும். படிச்சா தெரியும், அவங்க யாரும் ஒழுக்கத்த தனியா ஒரு பாடமா வெக்கவே இல்ல. படிக்கிற முறை, சொல்லிக் கொடுக்கிற ஆள், கூட உக்கார்ற பசங்க, இதுக்குள்ளதான் அத வெச்சிருந்தாங்க.

முதல்ல எதப் பத்திப் பேசறோம்னு தெளிவாக்கிக்கலாம். இன்னைக்கு கேரக்டர் எஜுகேஷன், மதிப்புக் கல்வி, வாழ்வியல் கல்வின்னு பல பேர்ல சொல்றாங்க, எல்லாத்துக்கும் அடியில இருக்கிற விஷயம் ஒண்ணுதான்: ஒரு பிள்ளை, டீச்சர் பார்த்தாலும் பார்க்காட்டியும், சரியானத செய்யற ஆளா வளரணும். இதுக்குள்ள மூணு விஷயம் இருக்கு. எது சரின்னு தெரியணும், அதச் செய்யணும்னு மனசுக்குத் தோணணும், அப்புறம் நிஜமாவே செய்யணும். இந்த மூணுல பரீட்சை வெச்சு மார்க் போட முடியறது மொதல்ல சொன்னதுக்கு மட்டும்தான், அதனாலயே ஸ்கூல்ல அது மட்டும் நடக்குது. "பொய் சொல்லலாமா?"ன்னு கேட்டா அஞ்சு வயசுப் பிள்ளை கூட "கூடாது"ன்னு கரெக்டா சொல்லிரும்.

வள்ளுவர் இத ரெண்டே வரில முடிச்சிட்டார். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக." எல்லாருக்கும் மனப்பாடம். குத்தமில்லாம படி, படிச்சப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி நில்லு. படிச்சது பாதிதான், நின்னாதான் அந்தப் படிப்பு முழுசாகுதுங்கிற அர்த்தம் அதுல தெளிவா இருக்கு. இன்னொரு எடத்துல இன்னும் கடுமையாவே சொல்றார், நல்லா படிச்சு, புரிஞ்சுக்கிட்டு, மத்தவங்களுக்கும் எடுத்துச் சொல்லிட்டு, தான் மட்டும் அதுப்படி அடங்கி நடக்காதவன மாதிரி ஒரு பேதை வேற யாரும் இல்லன்னு. இது பசங்களவிட சொல்லிக் கொடுக்கிறவங்களுக்குத்தான் அதிகமா பொருந்தும்.

ஒரு ஒரு குறளா எடுத்துப் படிக்கிறப்ப தெரியாத விஷயம் ஒண்ணு, அதிகாரங்கள வரிசையா பார்த்தா தெரியும். 40-ஆவது அதிகாரம் கல்வி. அடுத்தது கல்லாமை, அப்புறம் கேள்வி, அப்புறம் அறிவுடைமை, அப்புறம் குற்றங்கடிதல், அதுக்கப்புறம் பெரியாரைத் துணைக்கோடல், 46-ஆவதா சிற்றினம் சேராமை. வரிசைய கவனிங்க, படிப்புல தொடங்கி, காது கொடுத்துக் கேக்கறதுக்குப் போயி, அறிவுக்கு வந்து, அங்க நிக்காம தன்கிட்ட இருக்கிற குத்தத்த தானே களையறது, தப்புன்னா தப்புன்னு இடிச்சுச் சொல்ற பெரியவங்கள கூட வெச்சுக்கறது, மோசமான கூட்டத்துல சேராம இருக்கறது வரைக்கும் போகுது. பொருட்பால்ல அரசனுக்குச் சொன்ன வரிசைதான் இது, ஆனா ஒரு ஸ்கூலோட முழு பாடத்திட்டமாவே இத எடுத்துக்கலாம்னு எனக்குத் தோணுது. நாம இதுல மொத அதிகாரத்த மட்டும் எடுத்து பாடபுத்தகத்துல போட்டுட்டு மிச்சத்த வீட்டுப் பொறுப்புன்னு விட்டுட்டோம்.

அந்த 46-ஆவது அதிகாரத்துலதான் ரொம்ப முக்கியமான ஒரு குறள் இருக்கு, அதிகம் யாரும் மேற்கோள் காட்டறதில்ல. "மனத்து ளதுபோலக் காட்டி ஒருவற்கு இனத்துள தாகும் அறிவு." ஒருத்தனோட அறிவு அவன் மனசுக்குள்ள இருந்து வர்ற மாதிரி வெளிய தெரியும், ஆனா நிஜத்துல அது அவன் சேர்ந்திருக்கிற கூட்டத்துல இருந்துதான் வருது. இத ஸ்கூலுக்குப் பொருத்திப் பார்த்தா விஷயமே மாறுது. ஒரு பையன் பொய் சொல்றான்னா "இவன் குணம் சரியில்ல"ன்னு சொல்றது சுலபம். ஆனா இந்தக் குறள் கேக்கிற கேள்வி வேற, பொய் சொன்னாத்தான் பொழைக்க முடியும்ங்கிற நெலமைல இருக்கிற கிளாஸ்ரூமா அது? அப்படின்னா சரி பண்ண வேண்டியது அந்தப் பையன மட்டும் இல்லையே.

அடுத்து நன்னூல். இலக்கண நூல்னு பயந்து ஒதுங்கிடுவோம், ஆனா பதிமூணாம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின இந்த நூலோட தொடக்கத்துல, எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, பொதுப்பாயிரம்னு ஒரு பகுதி இருக்கு. நல்ல நூல் எது, ஆசிரியர் யாரு, எப்படிச் சொல்லிக் கொடுக்கணும், மாணவர் யாரு, எப்படிக் கேட்டுக்கணும்னு வரிசையா சொல்லும். நம்மகிட்ட இருக்கிற டீச்சர் ட்ரெய்னிங் கையேடுகள்ல ரொம்பப் பழசுன்னே இதச் சொல்லலாம். நல்ல ஆசிரியர நிலம், மலை, தராசு, பூன்னு நாலுக்கு ஒப்பிடுது. நிலம் எதுக்குன்னா பொறுமைக்கும், உழைப்புக்கு ஏத்த அளவுக்கு விளைச்சல் கொடுக்கறதுக்கும். தராசு எதுக்குன்னா சந்தேகம் தீர பொருளைக் காட்டறதுக்கும், எந்தப் பக்கமும் சாயாம இருக்கறதுக்கும். பசங்க டீச்சர்கிட்ட மொதல்ல கவனிக்கிறது இந்தத் தராசைத்தான். "மிஸ் அவளுக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ங்கிற வார்த்தைய எந்தக் காலத்துப் பிள்ளையும் சொல்லியிருக்கும்.

நன்னூல்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு கணக்கு. ஆசிரியர் சொன்னத ஒருத்தன் எவ்வளவு ஒழுங்கா கேட்டுக்கிட்டாலும் அவனுக்குக் கிடைக்கிறது கால் பங்குதான். கூடப் படிக்கிறவங்களோட பேசிப் பழகறதுல இன்னொரு கால் பங்கு. மிச்சம் இருக்கிற அரைப் பங்கு அவன் மத்தவங்களுக்கு எடுத்துச் சொல்றப்பதான் வரும். யோசிச்சுப் பாருங்க, ஒரு நாள் முழுக்க டீச்சர் பேசி பசங்க கேக்கிற கிளாஸ்ல இந்தக் கணக்குப்படி முக்கால் பங்கு படிப்பு நடக்கவே இல்ல. குணம் வளர்ற எடமும் அந்த முக்கால் பங்குலதான் இருக்கு. பக்கத்துல இருக்கிறவனுக்கு ஒரு கணக்க சொல்லிக் கொடுக்கணும்னா பொறுமை வேணும், அவனுக்குப் புரியலன்னா சிரிக்காம இருக்கணும், நமக்கே தெரியலன்னா தெரியலன்னு ஒத்துக்கணும். பொறுமை, பணிவு, நேர்மைன்னு போர்டுல எழுதிப் போடாமலே மூணும் அங்க நடந்துருது.

சின்னப் பிள்ளைங்களுக்கு ஔவையார் செஞ்ச வேலையும் இதே வழிதான். ஆத்திசூடில அகர வரிசைய கத்துக்கறப்பவே அறமும் நாக்குல ஏறிருது, எழுத்துக்குன்னு ஒரு நேரம் அறத்துக்குன்னு ஒரு நேரம்னு ரெண்டா பிரிக்கல. அதுலயும் சும்மா "நல்லவனா இரு"ன்னு பொத்தாம்பொதுவா நிக்காம, "அஃகஞ் சுருக்கேல்"னு வர்றதப் பாருங்க, தானியத்த அளந்து விக்கிறப்ப அளவைக் கொறைக்காதேன்னு அர்த்தம். ஃ-க்கு ஒரு சொல் வேணும்னு தேடி, நேரா சந்தைல நடக்கிற ஏமாத்து வேலைய கொண்டு வந்து குழந்தை வாய்ல வெச்சிருக்காங்க. அப்புறம் பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதறப்ப "அச்சம் தவிர்"னு தொடங்கி "ரௌத்திரம் பழகு"ன்னும் சேர்த்தார். அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டுப் பிள்ளைக்கு அடக்கம் மட்டும் போதாது, அநியாயத்தப் பார்த்து கோவப்படவும் தெரியணும்னு அவருக்குப் பட்டிருக்கு. "ஆறுவது சினம்"னு ஔவை சொன்ன அதே வடிவத்துல அவர் இதச் சொல்றார். பழசை மதிக்கறதுன்னா அத அப்படியே காப்பி அடிக்கறது இல்லங்கறதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

ஏன்னா பழசுல விட்டுத் தள்ள வேண்டியதும் நெறைய இருக்கு, அதப் பேசாம போறது நேர்மை இல்ல. 1822-ல மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்க பள்ளிக்கூடங்கள கணக்கெடுக்கச் சொன்னார், 12,498 பள்ளிக்கூடம்னு கணக்கு வந்துச்சு. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் மாதிரியான சின்னச் சின்ன எடங்கள், மணல்ல விரலால எழுதி, எண்சுவடிங்கிற வாய்ப்பாட்ட ராகம் போட்டுச் சொல்லி, பெரிய பையன் ஒருத்தன் சட்டாம்பிள்ளையா இருந்து சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடுத்து நடந்தது. நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கு அங்க நடைமுறைல இருந்துச்சு, அதப் பார்த்துட்டு ஆண்ட்ரூ பெல்ங்கிறவர் எழும்பூர்ல ஒரு அனாதை விடுதில செஞ்சு பார்த்து 1797-ல லண்டன்ல புத்தகமாவே போட்டார், மெட்ராஸ் முறைன்னு அது இங்கிலாந்துல பரவுச்சு. ஆனா அதே திண்ணைல பையன கோதண்டத்துல, அதாவது மேல கட்டின கயித்துல, தொங்கவிட்ட தண்டனையும் இருந்துச்சு. பெண் பிள்ளைங்க எண்ணிக்கை ரொம்பக் கொறைவு. தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கி வெச்ச மக்களோட பிள்ளைங்களுக்கு அந்தத் திண்ணைல பெரும்பாலும் எடமே இல்ல. நன்னூல் கூட ஆசிரியருக்கு வேணும்னு சொல்ற தகுதிகள்ல மொத வார்த்தையா "குலன்"னு, அதாவது பொறந்த குலத்த, வெச்சுத்தான் ஆரம்பிக்குது.

இந்த வலி ஒண்ணும் ரொம்பப் பழைய கதை இல்ல. 1953-ல ராஜாஜி ஆட்சில தொடக்கப் பள்ளி நேரத்தக் கொறைச்சு, மிச்ச நேரம் பிள்ளைங்க வீட்டுத் தொழில கத்துக்கட்டும்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, குலக்கல்வின்னு எதிர்ப்பு வெடிச்சு, 1954-ல காமராஜர் வந்ததும் அது போயிருச்சு. கையால வேலை செஞ்சு கத்துக்கறதுங்கிற யோசனை நல்லதுதான், 1937-ல வார்தால காந்தி சொன்ன ஆதாரக் கல்வியும் அதத்தான் சொல்லுச்சு. ஆனா அந்த வேலை அப்பன் செஞ்ச வேலையாத்தான் இருக்கணும்னு வந்துட்டா அது கல்வியே இல்ல, பூட்டு. அதனால "பாரம்பரியக் கல்வி"ன்னு யார் பேசினாலும், அதுல யாருக்கு எடம் இருந்துச்சு யாருக்கு இல்லைன்னு கேட்டுட்டுத்தான் மேல பேசணும்.

சரி, இப்ப இருக்கிற ஸ்கூலுக்கு வரலாம். நம்ம அரசியலமைப்புல 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்துல நடக்கிற பள்ளில மதபோதனை கூடாதுன்னு சொல்லுது. அது நல்ல ஏற்பாடு. அதனாலதான் மதம் சாராத ஒழுக்கக் கல்வின்னு ஒண்ணத் தேட வேண்டிய தேவையும் வந்துச்சு. இதுல நமக்குக் கையிலயே இருக்கிற பொக்கிஷம் திருக்குறள். 2016-ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அறத்துப்பால், பொருட்பால் குறள்கள ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் பாடத்துல சேர்க்கணும்னு உத்தரவு போட்டுச்சு, ஒழுக்கமான சமுதாயம் வளரணும்ங்கிற எண்ணத்துலதான். நோக்கம் ரொம்ப நல்லது. ஆனா மனப்பாடப் பகுதியா, ரெண்டு மார்க் கேள்வியா, போட்டில ஒப்பிச்சுப் பரிசு வாங்கறதா அது நின்னுட்டா, வள்ளுவர் சொன்ன "நிற்க"ங்கிற பாதி வெளியவே நிக்கும்.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்ல. 1920-கள்ல அமெரிக்காவுல ஹார்ட்ஷோர்ன், மே அப்படிங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைங்கள வெச்சு, காப்பி அடிக்க, பொய் சொல்ல வாய்ப்புக் கிடைக்கிற மாதிரி சோதனைகள் செஞ்சு பார்த்தாங்க. எது சரின்னு நல்லாத் தெரிஞ்ச பிள்ளைங்களும் ஏமாத்தினாங்க, ஒரு எடத்துல நேர்மையா இருந்த பிள்ளை இன்னொரு எடத்துல நேர்மையா இல்ல. போதனை கேக்கறதுக்கும் நடத்தைக்கும் பெரிசா சம்பந்தம் தெரியல, எந்தச் சூழல்ல இருக்காங்கங்கறதுதான் நெறைய மாத்துச்சு. "இனத்துள தாகும் அறிவு"ன்னு மேல பார்த்த அந்த 454-ஆவது குறள இன்னொரு தடவ படிச்சுப் பாருங்க, புரியும்.

ஒரு சின்ன விஷயத்த கிட்டத்துல போய் பார்க்கலாம். நாலாங்கிளாஸ், சொல்வதை எழுதுதல். டீச்சர் பத்து வார்த்தை சொல்றாங்க, பசங்க எழுதறாங்க, அப்புறம் நோட்டைப் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட மாத்திக் கொடுத்து திருத்தச் சொல்றாங்க. ஒரு பொண்ணு கையில அவளோட ஃப்ரெண்டோட நோட்டு. "பள்ளிக்கூடம்"ங்கறதுல ஒரு ள விட்டுப் போயிருக்கு. அவ பென்சில கையில வெச்சுக்கிட்டு ஃப்ரெண்ட் மொகத்தப் பார்க்கிறா. தப்புப் போட்டா என்ன நடக்கும்னு அவளுக்குத் தெரியும். அந்த கிளாஸ்ல ஒவ்வொரு தப்புக்கும் ஸ்கேலால ஒரு அடின்னா, அவ கட்டாயம் டிக் போடுவா, இல்லன்னா நைசா ஒரு ள-வ சொருகிருவா. அவ செய்யறது பொய்தான், ஆனா அவ மனசுல இருக்கிறது அன்பு. அன்பா இருக்கணும்னா பொய் சொல்லணும்னு அந்த கிளாஸ் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துருச்சு. அதே கிளாஸ்ல தப்பான வார்த்தைய ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து மூணு தடவ எழுதணும், அவ்வளவுதான்னு வழக்கம் இருந்தா, அவ தயங்காம தப்புப் போட்டுட்டு "இங்க இன்னொரு ள வரும் பாரு"ன்னு காட்டுவா. உண்மையும் அன்பும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்கல. ரெண்டு கிளாஸ்லயும் அதே பொண்ணு, அதே குணம், மாறினது டீச்சர் வெச்ச வழக்கம் மட்டும்தான். வாய்மைன்னு ஒரு அதிகாரத்த முழுசா ஒப்பிக்க வெச்சாலும் இந்த ஒரு வழக்கம் செய்யற வேலைய அது செய்யாது.

அடி வேணாம்னு சொல்றது செல்லம் கொடுக்கறதுக்காக இல்லைங்கறது இதுல புரியும்னு நெனக்கிறேன். 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவுல உடல் தண்டனையையும் மன உளைச்சல் தர்றதையும் தடை பண்ணியிருக்கு. "அடியாத மாடு படியாது"ன்னு இன்னும் பேசற பெரியவங்க இருக்காங்க, அவங்க பிள்ளைங்க நல்லா வரணும்ங்கிற அக்கறைலதான் பேசறாங்க, ஆனா பயத்துல வர்ற ஒழுங்கு, பயம் போனதும் கூடவே போயிரும். காலேஜுக்குப் போன மொத வருஷமே அது தெரிஞ்சிரும்.

டீச்சர் பக்கமும் ஒண்ணு சொல்லணும். போர்டுல கணக்குப் போடறப்ப ஒரு எடத்துல கூட்டல் தப்பாயிருது, கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பையன் "சார், அங்க 56 வரணும்"ங்கறான். அடுத்த சில நொடிக்குள்ள சார் மொகத்துல என்ன வருதுன்னு கிளாஸ் மொத்தமும் பார்த்துக்கிட்டு இருக்கும். "ஆமாப்பா, நீ சொன்னதுதான் சரி, நல்லா கவனிச்ச"ன்னு அழிச்சுட்டு எழுதினா, தப்ப ஒத்துக்கறது அவமானம் இல்லைன்னு நாப்பது பேருக்குப் பாடம் ஆயிருச்சு. "நீ மொதல்ல உன் நோட்டைப் பாரு"ன்னா அதுவும் பாடம்தான், வேற பாடம்.

இப்ப பல ஸ்கூல்ல ஜப்பான் மாதிரி பசங்களே வகுப்ப சுத்தம் பண்ணட்டும், அதுல பொறுப்பு வளரும்னு பேசறாங்க. எனக்கும் பிடிச்ச யோசனைதான். ஆனா நம்ம ஊர்ல தொடப்பம் யார் கையில போகுதுங்கறது சாதாரண விஷயம் இல்ல, கழிப்பறையைக் கழுவ பட்டியல் சாதிப் பிள்ளைங்கள மட்டும் அனுப்பினாங்கன்னு செய்தி வந்துக்கிட்டேதான் இருக்கு. முறை வெச்சு, பேர் எழுதி, எல்லாரும், ஹெட்மாஸ்டர் உள்பட, செஞ்சாத்தான் அது ஒழுக்கக் கல்வி. இல்லன்னா சாதியையே பழக்கமா ஆக்கறதுதான் நடக்கும். 2023-ல நாங்குநேரில கூடப் படிச்ச பசங்களே ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டினாங்க. வெட்டின பசங்களும் ஆத்திசூடியும் குறளும் படிச்ச தமிழ்நாட்டுப் பிள்ளைங்கதான். அதுக்கப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு, கைல சாதிக் கயிறு கட்டறத தடை பண்ணணும், பள்ளிக்கூடப் பேர்ல இருக்கிற சாதிப் பேர எடுக்கணும்னெல்லாம் பரிந்துரை கொடுத்துச்சு. கவனிச்சா அதுல பல விஷயம் சூழல மாத்தச் சொல்றதுதான்.

பெத்தவங்களா இருந்து இதப் படிக்கிறவங்க, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துலயோ பேரண்ட்ஸ் மீட்டிங்லயோ மார்க் பத்திக் கேட்டு முடிச்சப்புறம் இன்னும் கொஞ்சம் கேளுங்க. பிள்ளை தப்புப் பண்ணா இங்க என்ன நடக்கும்? யார் பக்கத்துல யார் உக்காரணும்னு எப்படி முடிவு பண்றீங்க? சுத்தம் பண்ற முறை எப்படி? பசங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்கா? கேக்கறப்ப டீச்சர் மேல பாயற மாதிரி கேக்காதீங்க, ஏன்னா தொடக்கப் பள்ளில முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்னு சட்டம் சொன்னாலும் ஒரே ஆள் ரெண்டு மூணு வகுப்ப சேர்த்துப் பார்க்கிற ஸ்கூல் இன்னும் இருக்கு, அதுக்கு மேல எமிஸ்ங்கிற அரசோட கல்வித் தகவல் இணையதளத்துல ஏத்த வேண்டிய விவரம், பதிவேடு, பயிற்சின்னு வேலை வேற. நிலம் மாதிரி பொறுமையா இருங்கன்னு நன்னூல் சொல்றத அவங்ககிட்ட எதிர்பார்க்கணும்னா, அந்த எழுத்து வேலையக் கொறைக்கச் சொல்லி அதே கூட்டத்துல தீர்மானம் போட்டு மேல அனுப்பறதும் நம்ம வேலைதான்.